மூணாம் நாள் ஃபிட்ஸ் வந்த பிள்ளைக்குப் பிற்காலத்தில் காக்கா வலிப்பு வருமா?

தண்டையார்பேட்டை தாய்மாமன்
12.08.2024, இரவு 10.20

தங்கச்சிக்கு ஆண் குழந்தை, சிசேரியன். மூணாம் நாள் ஃபிட்ஸ், ஒரே நாள்ல ரெண்டு தடவை. என்.ஐ.சி.யூ.வில் (பச்சைக்குழந்தைகளுக்கான ஐ.சி.யூ.) வைத்திருந்து இன்னைக்குத்தான் வீட்டுக்கு அனுப்பினாங்க. கையில ஃபிட்ஸை அடக்கற ஃபீனோபார்பிட்டோன் சிரப். வீட்ல ரெண்டு கட்சி. "பொறந்ததும் வந்தா பெருசானதும் வந்தே தீரும், மூணு வருஷம் மருந்தை விடாதே"ன்னு ஒரு கட்சி. "இது சீர், மந்திரிச்சா போயிடும், தூக்க மருந்தைத் தூக்கிப் போடு"ன்னு இன்னொரு கட்சி. எது சரி?

வார்டு அக்கா
12.08.2024, இரவு 11.05

ரெண்டு கட்சிக்கும் டெபாசிட் போயிடும் தம்பி.

பச்சைக்குழந்தைக்கு வர்ற ஃபிட்ஸ் அபூர்வம் இல்ல. ஆயிரம் பிரசவத்துக்கு ஒண்ணுல இருந்து அஞ்சு பிள்ளை வரை. குறைமாசத்துல இன்னும் கூட. பெரும்பாலும் அந்த ஒண்ணு ரெண்டு நாள்ல மூளைக்கு விழுந்த அடியோட அறிகுறி அது. நிறைமாசப் பிள்ளையில முதல் காரணம், பொறக்கும்போது மூச்சு முட்டினது. அப்படின்னா ஃபிட்ஸ் பொதுவா முதல் 24 மணி நேரத்துக்குள்ளயே வந்துடும். அடுத்து மூளை ரத்தக்குழாய் அடைப்பு, ரத்தக்கசிவு, கிருமி, சுகர் குறையறது, கால்சியம் குறையறது. ரொம்ப அரிதா பரம்பரைக் கோளாறு, மூளை அமைப்பிலேயே கோளாறு.

பின்னாடி வலிப்பு நோய் வருமாங்கறதை முடிவு பண்றது காரணமும், அந்தக் காரணம் மூளையில தழும்பு விட்டுதாங்கறதும்தான். தாய்க்கு வைட்டமின் டி கம்மி, அதனால ஒரு வாரம் கழிச்சு பிள்ளைக்குக் கால்சியம் இறங்கி ஃபிட்ஸ் வந்தது, கால்சியம் ஏத்தினதும் நின்னுடுச்சுன்னா, கதை அத்தோட முடியும். மூச்சு முட்டி மூளையோட உள்பகுதி முழுக்க அடிபட்ட பிள்ளைக்குக் கதையே வேற.

மொத்தமா ஒரு கணக்கு வேணும்னா, 2015ல பழைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்போ சுமார் 18 சதவீதம் பேருக்குப் பின்னாடி வலிப்பு நோய் வந்திருக்கு. அதுல மூணுல ரெண்டு பங்குக்கு மேல முதல் வயசுக்குள்ளேயே. அதாவது அஞ்சுல நாலு பிள்ளைக்கு வரல. பயப்படாம தூங்குங்க. காலையில டிஸ்சார்ஜ் சம்மரியைப் படிச்சுட்டுச் சொல்லுங்க.

வியாசர்பாடி பேரன்
13.08.2024, காலை 7.15

மூணாவது கட்சியை மறந்துட்டீங்களே அக்கா. சாவிக்கொத்துக் கட்சி. எங்க தெருவுல பதினஞ்சு நாள் பிள்ளை கைக்கே பீரோ சாவியைத் திணிச்சாங்க.

வார்டு அக்கா
13.08.2024, காலை 7.40

பச்சைக்குழந்தை உள்ளங்கையில எதை வெச்சாலும் இறுக்கிப் பிடிச்சுக்கும், அது பிறவிக் குணம். ஃபிட்ஸ் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தானா நிக்கும், பேர் சாவிக்குப் போகும். அந்த ரெண்டு நிமிஷத்துல செய்ய வேண்டியது: பிள்ளையை ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், வாயில விரலோ ஸ்பூனோ தண்ணியோ பாலோ எதுவும் போகக்கூடாது, மணியைப் பார்க்கணும், இன்னொருத்தர் செல்போன்ல வீடியோ எடுக்கணும். நின்னாலும் நிக்காட்டியும் 108. ஒரு மாசத்துக்குள்ள இருக்கற பிள்ளைக்கு "இன்னொரு தடவை வந்தா பார்க்கலாம்"ங்கற பேச்சே கிடையாது. கொருக்குப்பேட்டை ரயில் கேட் போட்டுட்டா எந்த வழியா சுத்திப் போறதுன்னு முன்னாடியே யோசிச்சு வைங்க.

மில்லி கணக்கு
13.08.2024, காலை 9.30

சிரப் பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது? எத்தனை மில்லி, எத்தனை வேளை, எதில் அளக்கிறீர்கள்? பிள்ளையின் எடை என்ன?

தண்டையார்பேட்டை தாய்மாமன்
13.08.2024, காலை 11.10

5 மில்லியில் 20 மில்லிகிராம்னு போட்டிருக்கு. எடை 2.3 கிலோ. சீட்டுல 1.5 மில்லி, ரெண்டு வேளை. அம்மா ஸ்பூன்ல குடுக்கறாங்க, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நேத்து ராத்திரியும் இன்னைக்குக் காலையிலும் குடுத்தாச்சு. பிள்ளை நல்லா தூங்குது. பாலுக்குக்கூட எழுந்திரிக்கல.

மில்லி கணக்கு
13.08.2024, காலை 11.14

நிறுத்துங்கள். அடுத்த வேளை கொடுக்காதீர்கள். இப்போதே பிள்ளையையும் பாட்டிலையும் ஸ்பூனையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

கணக்கு இதுதான். 1.5 மில்லியில் 6 மில்லிகிராம், இரண்டு வேளைக்கு 12. எடை 2.3 கிலோ. ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராம் சொச்சம். சீட்டு சரி. ஸ்பூன் 5 மில்லி பிடித்தால் ஒரு வேளைக்கு 20, நாளைக்கு 40. கிலோவுக்கு 17க்கு மேல். மூன்று மடங்கு. அதுவும் இந்த மருந்து முதல் வாரங்களில் உடம்பை விட்டுச் சீக்கிரம் போகாது, பாதி குறையவே நான்கைந்து நாள் ஆகும். ஒவ்வொரு ஸ்பூனும் முந்தின ஸ்பூன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

வார்டு அக்கா
13.08.2024, காலை 11.20

மில்லி சார் சொன்னதைச் செய்யுங்க, விவாதம் அப்புறம். போற வழியில பிள்ளையை அம்மா நெஞ்சோட அணைச்சு சூடா வைங்க. உதடு நீலமாகுதா, மூச்சு விட்டு விட்டு வருதான்னு பார்த்துக்கிட்டே போங்க. அப்படி இருந்தா ஆட்டோ வேணாம், 108. அரைத்தூக்கத்துல வாயில பாலை ஊத்தாதீங்க, புரை ஏறும். போனதும் முதல்ல கேக்க வேண்டியது சுகர் டெஸ்ட். பால் குடிக்காத சின்ன எடைப் பிள்ளைக்குச் சுகர் இறங்கும்.

தண்டையார்பேட்டை தாய்மாமன்
14.08.2024, இரவு 8.50

சேர்த்துட்டாங்க. ரத்தத்துல மருந்து அளவு கூட இருக்காம், இன்னைக்கு முழுக்க மருந்து குடுக்கல. சுகர் 48. பாலாடையில தாய்ப்பால் குடுத்து இப்ப 70. கண்ணைத் திறந்து பார்க்குது. அம்மா அழுதுகிட்டே இருக்காங்க. ஸ்பூனைத் தூக்கிப் போட்டுட்டாங்க.

சம்மரியும் கிடைச்சது. பழைய அட்மிஷன்ல "ஆர்.பி.எஸ் 22"ன்னு ஒரு வரி, ரத்தச் சர்க்கரையாம். எம்.ஆர்.ஐ.யில "பைலேட்டரல் பரைட்டோ ஆக்சிபிட்டல் டிஃப்யூஷன் ரெஸ்ட்ரிக்ஷன்". இ.இ.ஜி.க்கு (மூளை அலைப் பதிவு) எதிரே "நார்மல்". பொறந்தப்ப எடை 2.1. சிசேரியன் மயக்கத்துல தங்கச்சி இருந்ததால முதல் பால் பத்து மணி நேரம் கழிச்சுத்தான், அதுவும் இத்தனூண்டு.

மில்லி கணக்கு
14.08.2024, இரவு 9.15

அம்மாவைத் திட்டாதீர்கள். "1.5" என்று எழுதினால் பாதிப் பேருக்கு அது "ஒன்றரை ஸ்பூன்" என்றோ "ஒரு ஸ்பூன்" என்றோதான் காதில் விழும். ஊசியில்லாத 2 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்கி, 1.5 கோட்டில் பால்பாயின்ட் பேனாவால் கறுப்பு வளையம் போட்டுக் கொடுங்கள். பாட்டிலைக் குலுக்கி, கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, சிரிஞ்சில் இழுத்து, குமிழியைத் தட்டி வெளியேற்றி, கன்னத்தின் உட்புறமாக மெல்ல விடவேண்டும். மருந்தைப் பாலில் கலந்தால், மீதி வைத்த பாலோடு மருந்தும் போய்விடும்.

பாட்டில் தீர்ந்து வேறு கம்பெனி வாங்கினால் "5 மில்லியில் எத்தனை" என்ற வரியை மறுபடி படியுங்கள். மாத்திரையை உடைத்துக் கொடுக்கச் சொன்னால், 30 மில்லிகிராம் மாத்திரையில் இந்தப் பிள்ளையின் ஒரு வேளை ஐந்தில் ஒரு பங்கு. அதை எந்தக் கத்தியாலும் வெட்ட முடியாது.

வார்டு அக்கா
15.08.2024, மாலை 4.30

நான் முதல் நாள் எழுதினதுல ஒரு தப்பு. காரணம் தெரியறதுக்கு முன்னாடியே "பயப்படாம தூங்குங்க"ன்னுட்டேன். 22ஐப் பார்த்ததும் அந்த வரியைத் திரும்ப வாங்கிக்கறேன்.

சர்க்கரைதான் மூளைக்குச் சாப்பாடு. 40, 45க்குக் கீழ இறங்கினாலே கவனிக்கணும். 22ல ரொம்ப நேரம் கிடந்தா முதல்ல அடிபடறது மூளையோட பின்பக்கம், பார்வையைப் புரிஞ்சுக்கற பகுதி. உங்க எம்.ஆர்.ஐ. வரி சொல்றது அதைத்தான். ரெண்டு பக்கமும் பின்மூளை, அதுக்கு மேல பக்கத்துப் பகுதி. இது கால்சியம் மாதிரி தடயமில்லாம போற விஷயம் இல்ல. நம்ம நாட்டுல முதல் வயசுல வலிப்பு நோய் வர்ற பிள்ளைங்களோட பழைய சம்மரியைப் புரட்டினா, முதல் வார சுகர் அடிக்கடி இப்படித்தான் இருக்கும். அந்த 18 சதவீதக் கணக்குல வர்ற சராசரிப் பிள்ளையைவிட உங்க பிள்ளை ரிஸ்க் கூட உள்ள பக்கத்துல நிக்குது. வந்தே தீரும்னு அர்த்தமில்ல. கண்ணுல வெச்சுப் பார்க்கணும்னு அர்த்தம்.

இதை எப்படித் தடுத்திருக்கலாம்னா: 2.5 கிலோவுக்குக் கீழ, குறைமாசம், சர்க்கரை நோய் உள்ள தாய்க்குப் பொறந்தது, ரொம்பப் பெருசா பொறந்தது, இந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் 2, 6, 12, 24, 48, 72 மணி நேரத்துல குதிகால்ல குத்திச் சுகர் பார்க்கணும். குதிகாலோட நடுவுல குத்தக்கூடாது, ஓரத்துல. ஸ்பிரிட் காயாம குத்தினா அது ரத்தத்தோட கலந்து அளவைத் தப்பாக் காட்டும். கால் ஜில்லுன்னு இருந்தா ரத்தம் சரியா வராது, பிழியத்தான் தோணும், பிழிஞ்சாலும் தப்பாக் காட்டும். லேபுக்கு அனுப்பற ட்யூப் சாம்பல் மூடி. வேற ட்யூப்ல அனுப்பி அரை நாள் வெச்சிருந்தா ரத்த செல்லே சர்க்கரையைத் தின்னுடும். சிசேரியன் ஆனாலும் தாய் கண் முழிச்ச உடனே, முடிஞ்சா முதல் ஒரு மணி நேரத்துல சீம்பால். தாய்க்கு முடியலன்னா பீச்சி எடுத்தாவது.

ஃபிட்ஸ் வந்த பிள்ளைக்கு முதல்ல சுகர், பிறகுதான் மத்ததெல்லாம். குறைவா இருந்தா நரம்புல 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்), கிலோவுக்கு 2 மில்லி. உங்க பிள்ளைக்கு 4.2 மில்லி. அதோட விட்டா மறுபடி இறங்கும், அதனால பின்னாலேயே டிரிப்ல ஒரு நிமிஷத்துக்கு கிலோவுக்கு 6 மில்லிகிராம் கணக்குல சர்க்கரை ஓடணும். 25 சதவீதத்தை அப்படியே ஏத்தக்கூடாது. நரம்பு வெந்து போகும், சுகர் ஒரேயடியா ஏறி இன்சுலின் கிளம்பி திரும்பக் குப்புற விழும்.

மில்லி கணக்கு
15.08.2024, மாலை 5.10

டெக்ஸ்ட்ரோஸுக்கு அடுத்தது ஃபீனோபார்பிட்டோன் ஊசி, கிலோவுக்கு 20 மில்லிகிராம், 20 நிமிடத்தில். ஆம்பூல் 1 மில்லியில் 200 மில்லிகிராம். 2.1 கிலோவுக்கு 42 மில்லிகிராம், அதாவது 0.21 மில்லி. புள்ளி ஒரு இடம் நகர்ந்தால் பத்து மடங்கு. அதனால்தான் முழு ஆம்பூலையும் 10 மில்லியாக நீர்த்து, மில்லிக்கு 20 என்று ஆக்கி, 2.1 மில்லி எடுப்பது. எடையும் மில்லியும் ஒரே எண்ணாக வந்துவிடும், கண்ணே தப்பைக் காட்டிக் கொடுக்கும். இன்னொரு ஃபிட்ஸ் மருந்தான ஃபெனிட்டாயின் ஏற்றினால் சலைனில் மட்டும். டெக்ஸ்ட்ரோஸ் லைனில் விட்டால் பால் திரிந்த மாதிரி படியும்.

அலைவரைஞர்
15.08.2024, இரவு 9.45

சம்மரியில் இருக்கும் "இ.இ.ஜி. நார்மல்" பற்றி. எத்தனை நிமிடப் பதிவு, எந்த நாளில், மருந்து ஏற்றிய பிறகா முன்பா? 20 நிமிடப் பதிவில் ஒன்றும் இல்லை என்றால், அந்த 20 நிமிடத்தில் ஒன்றும் இல்லை என்று மட்டும்தான் பொருள்.

பச்சைக்குழந்தையின் ஃபிட்ஸில் பாதிக்கு மேல் கண்ணுக்கே தெரியாது. ஃபீனோபார்பிட்டோன் ஏற்றியதும் கை கால் இழுப்பு நின்றுவிடும், மூளையில் அலை ஓடிக்கொண்டே இருக்கும். பிறந்த பிள்ளையின் நரம்பு செல்லுக்குள் குளோரைடு அதிகம். பெரியவர்களின் மூளையை அடக்கும் சமிக்ஞை இங்கே சில இடங்களில் தூண்டிவிடவும் செய்யும். அதனால் வசதி உள்ள இடத்தில் 24 மணி நேரம் தொடர்ந்து பதிவு செய்கிறார்கள். வசதி இல்லாத இடத்தில் குறைந்தது ஒரு மணி நேரம், பிள்ளை தூங்கி விழிக்கும் வரை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பதிவு ஓடும்போது அம்மா முதுகில் தட்டித் தட்டித் தூங்க வைப்பார். அந்தத் தட்டு ஒரே தாளத்தில் கூர்கூராக விழும், பார்த்தால் ஃபிட்ஸ் போலவே இருக்கும். பால் சப்புவதும் விக்கலும் அப்படித்தான். பக்கத்தில் நின்று "தட்டுகிறார்", "விக்கல்" என்று அந்தந்த நொடியில் குறித்து வைக்காத பதிவைப் படிப்பவர், தட்டலுக்கு மருந்து எழுதிவிடுவார்.

வியாசர்பாடி பேரன்
16.08.2024, காலை 6.50

எங்க வீட்டுப் பிள்ளை தூக்கத்துல கை காலை உதறுது. இதைப் படிச்சதுல இருந்து எனக்கே உதறுது.

அலைவரைஞர்
16.08.2024, காலை 8.20

உதறும் கையை மெல்லப் பிடித்துப் பாருங்கள். பிடித்ததும் நின்றால், சத்தத்துக்கோ தொடுவதற்கோ தொடங்கினால், கண் ஒரு பக்கம் இழுக்காமல் இருந்தால், அது பெரும்பாலும் நடுக்கம். தூக்கத்தில் மட்டும் துடித்து, எழுப்பிய கணமே நின்றால் அது தூக்கத் துடிப்பு, சில மாதத்தில் தானே போகும். தொட்டிலை ஆட்டினால் அது கூடும், அதைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். பிடித்தாலும் உங்கள் கைக்குள்ளேயே தாளமாகத் துடித்தால், கண் ஒரே பக்கம் நிலைத்தால், வாய் சப்புக்கொட்டினால், சைக்கிள் மிதிப்பது போல் கால் போனால், மூச்சு நின்று நின்று வந்தால், அதுதான் ஃபிட்ஸ் சந்தேகம். நடுக்கமே ஆனாலும் முதல் வாரத்தில் ஒருமுறை சுகரும் கால்சியமும் பார்த்துவிட வேண்டும்.

வீடியோ எடுக்கும்போது துணியை அவிழ்த்து, முழு உடம்பும் முகமும் தெரிய, விளக்கைப் போட்டு எடுங்கள். கையைப் பிடித்துக் காட்டும் காட்சியும் அதில் வரவேண்டும்.

வார்டு அக்கா
16.08.2024, மதியம் 1.30

பேரா, ஒரு கேள்வி. பிள்ளை மார்புல கற்பூரம் போட்ட தேங்காயெண்ணெய் தடவறீங்களா? நீலகிரித் தைலம்?

வியாசர்பாடி பேரன்
16.08.2024, மதியம் 1.42

பாட்டி தடவுவாங்க. சளிக்கு. ஏன்?

வார்டு அக்கா
16.08.2024, மதியம் 1.55

இன்னையோட நிறுத்துங்க. கற்பூரமும் நீலகிரித் தைலமும் உள்ள போனா ஃபிட்ஸ் வரவழைக்கற பொருள். பச்சைக்குழந்தைத் தோல் மெலிசு, மூக்கு கிட்ட தடவினா உள்ளுக்கும் இழுக்கும். சளிக்குச் சலைன் சொட்டு போதும். வசம்பு வளையலைக் கையில கட்டிக்கட்டும், வாயில உரசி ஊட்டாம இருந்தா சரி.

தண்டையார்பேட்டை தாய்மாமன்
19.08.2024, இரவு 9.00

டிஸ்சார்ஜ் ஆயிட்டோம். டாக்டர் மருந்தையே நிறுத்திட்டாரு! இனிமே வேணாமாம். மூணு வருஷக் கட்சி கொதிக்குது. மூளையில தழும்பு இருக்குன்னா மருந்து குடுத்துத்தானே காப்பாத்தணும்?

வார்டு அக்கா
19.08.2024, இரவு 10.10

இந்த மருந்து ஃபிட்ஸை அடக்கும். பின்னால வர்ற வலிப்பு நோயைத் தடுக்குங்கறதுக்கு ஆதாரம் கிடையாது. தழும்பு உள்ள வயல்ல களை முளைக்கறதை அது நிறுத்தாது, முளைச்சதைத்தான் வெட்டும். 2023ல வந்த சர்வதேச வழிகாட்டுதலும் இதையே சொல்லுது. அன்னைக்கு நடந்த அடியால வந்த ஃபிட்ஸ்னா, அது நின்னு, பிள்ளைக்கு வலிப்பு நோயே தொடங்கினதுக்கான அறிகுறி இல்லன்னா, வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி மருந்தை நிறுத்தலாம். எம்.ஆர்.ஐ. எப்படி இருந்தாலும்.

இதுக்கு அடிப்படையா நிக்கற ஒரு ஆய்வு: 2021, அமெரிக்காவுல 9 மருத்துவமனை, 303 பிள்ளைங்க. மருந்தோட வீட்டுக்குப் போனவங்கள்ல 14 சதவீதத்துக்கு ரெண்டு வயசுக்குள்ள வலிப்பு நோய் வந்தது. மருந்தில்லாம போனவங்கள்ல 11. வளர்ச்சியிலயும் பெருசா வித்தியாசம் இல்ல.

மில்லி கணக்கு
19.08.2024, இரவு 10.40

அக்கா, ஒரு திருத்தம். அந்த 303 பேரில் பெரும்பாலோர் மூச்சுத் திணறல், அடைப்பு, ரத்தக்கசிவுக்காரர்கள். சுகர் குறைந்து பின்மூளை அடிபட்ட பிள்ளைக்கு அந்த எண்ணை அப்படியே ஒட்டாதீர்கள். மருந்து தேவையில்லை என்ற முடிவை ஒப்புக்கொள்கிறேன். 11 சதவீதம் என்ற ஆறுதலைத்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

வார்டு அக்கா
19.08.2024, இரவு 10.52

சரிதான். இழுத்துட்டேன். பொறக்கும்போது மூச்சு முட்டின பிள்ளையோட உடம்பைக் குளிர்வைக்கும் சிகிச்சை விஷயத்துலயும் நாம பட்ட பாடம் அதுதானே. வெளிநாட்டுல உயிர் காத்த முறை. இந்தியா, இலங்கை, வங்கதேசத்துல 408 பிள்ளைங்களுக்கு முறையாச் செஞ்சு பார்த்து 2021ல வெளியிட்டாங்க. குளிர்வெச்ச பிள்ளைங்கள்ல 42 சதவீதம் இறப்பு, குளிர்வைக்காததுல 31. ஊர் மாறினா எண் மாறும்.

தம்பி, டாக்டர் நிறுத்தினது வேற, வீட்ல நாமளே நிறுத்தறது வேற. இதைப் படிக்கற மத்தவங்களுக்கும் சொல்றேன். காரணம் வேறயா இருந்தா, மூளை அமைப்புக் கோளாறோ பரம்பரை வலிப்போ, மருந்து தொடரும்.

தண்டையார்பேட்டை தாய்மாமன்
10.09.2024, காலை 10.15

ஆறாம் வாரத் தடுப்பூசி. அங்கன்வாடியில "ஃபிட்ஸ் வந்த பிள்ளையா, வேணாம்"னு திருப்பி அனுப்பறாங்க.

வார்டு அக்கா
10.09.2024, காலை 10.50

நின்னுபோன பழைய ஃபிட்ஸ் தடுப்பூசிக்குத் தடையில்ல. இப்ப ஃபிட்ஸ் கட்டுக்குள்ள வராம, நிலைமை நாளுக்கு நாள் மோசமாகிட்டு இருக்கற பிள்ளைக்குத்தான் கக்குவான் ஊசியைத் தள்ளி வைப்பாங்க. டாக்டர்கிட்ட ஒரு வரி எழுதி வாங்கிட்டுப் போங்க. காய்ச்சல் வந்தா எடைக்கேத்த பாராசிட்டமால், அதுவும் சிரிஞ்சுல. "காய்ச்சல் ஃபிட்ஸ்"ங்கறது ஆறு மாசத்துக்கு மேல வர்ற வேற விஷயம், இதோட முடிச்சுப் போடாதீங்க.

அடுத்து முக்கியமானது. மூணு மாசத்துல இருந்து ஒரு வயசு வரைக்கும், அதுலயும் நாலுல இருந்து ஏழு மாசம், ஒண்ணை மட்டும் தினமும் பாருங்க. தூங்கி எழுந்ததும் பிள்ளை தலையைக் குனிஞ்சு, ரெண்டு கையையும் விரிச்சு, இடுப்பை மடக்கி சலாம் போடற மாதிரி வெட்டும். ஒரு வெட்டு ஒண்ணு ரெண்டு நொடிதான். அஞ்சு பத்து நொடி விட்டு மறுபடி. இப்படி பத்து, இருபது, முப்பது, வரிசையா. நடுவுல அழும். 1841லயே வெஸ்ட்னு ஒரு டாக்டர் தன் சொந்தப் பிள்ளைக்கு வந்ததைப் பார்த்து எழுதினாரு. அந்தப் பேராலயே இன்னைக்கும் வெஸ்ட் சிண்ட்ரோம். வீட்ல இதை "பயந்துக்குது", "வயித்து வலி"ம்பாங்க, கிரைப் வாட்டர் குடுப்பாங்க. சிரிப்பு குறையும், முகம் பார்க்கறது குறையும். உங்க பிள்ளைக்குப் பின்மூளை அடி இருக்கறதால கண் டாக்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டணும். கண் நல்லா இருந்தும் மூளைக்குப் பார்வை புரியாம போகலாம்.

அலைவரைஞர்
10.09.2024, இரவு 8.30

திடுக்கிடலுக்கும் சலாமுக்கும் வித்தியாசம்: திடுக்கிடலுக்குச் சத்தம், தொட்டில் அசைவு என்று ஏதாவது தூண்டுதல் இருக்கும், ஒருமுறையோடு முடியும். சலாம் தூண்டுதல் இல்லாமல் வரிசை கட்டும். எண்ணிப் பாருங்கள், மூன்றுக்கு மேல் ஒரே இடைவெளியில் வந்தால் வீடியோ.

தண்டையார்பேட்டை தாய்மாமன்
09.12.2024, காலை 7.05

அக்கா, அலை சார். நாலு மாசம் முடிஞ்சது. மூணு நாளா காலையில எழுந்ததும் தலை குனியுது, கை விரியுது. இன்னைக்கு எண்ணினேன். பதினேழு. வீடியோ இருக்கு. டாக்டர் அப்பாயின்ட்மென்ட் 23ஆம் தேதி.

வார்டு அக்கா
09.12.2024, காலை 7.12

23 வேணாம். இன்னைக்கே. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில குழந்தை நரம்பியல் பிரிவு இருக்கு, சம்மரி, எம்.ஆர்.ஐ. சி.டி., போன்ல வீடியோவோட கிளம்புங்க. "வலிப்பு"ன்னு மட்டும் சொன்னா வரிசையில உக்கார வைப்பாங்க. "பொறந்தப்ப சுகர் 22, இப்ப ஸ்பாசம், சலாம் போடற வெட்டு, மூணு நாளா, வீடியோ இருக்கு"ன்னு சொல்லுங்க. இதுல நாள் எண்ணித்தான் வேலை. வாரக்கணக்குல தள்ளினா வளர்ச்சி பின்வாங்கும்.

மில்லி கணக்கு
09.12.2024, காலை 7.40

பெரும்பாலும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு வாய்வழி, அல்லது ஏ.சி.டி.ஹெச். ஊசி, அல்லது விகாபட்ரின். ஸ்டீராய்டு என்றால் அளவைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இங்கிலாந்தில் 2004இல் வந்த ஆய்வில் 10 மில்லிகிராம் நாளைக்கு நான்கு வேளை கொடுத்தார்கள், கேட்காவிட்டால் அதற்கு மேலும். நீங்களாகக் குறைக்காதீர்கள், ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. ரத்த அழுத்தமும் சுகரும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். காய்ச்சல், அம்மை உள்ளவர் வீட்டுக்கு வரவேண்டாம். உயிருள்ள கிருமித் தடுப்பூசி எது வந்தாலும் முதலில் டாக்டரைக் கேளுங்கள். பழைய சிரிஞ்சு இருக்கிறதல்லவா?

தண்டையார்பேட்டை தாய்மாமன்
09.12.2024, காலை 7.44

இருக்கு. கறுப்பு வளையத்தோட. அம்மா பத்திரமா வெச்சிருக்காங்க.

அலைவரைஞர்
09.12.2024, காலை 7.58

இன்றே இ.இ.ஜி. எடுக்கச் சொல்வார்கள். தூக்கமும், தூங்கி விழித்த பிறகு குறைந்தது பத்து நிமிடமும் பதிவாக வேண்டும், இந்த வெட்டு வருவதே அப்போதுதான். அதனால் வழியில் பிள்ளையைத் தூங்க விடாதீர்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே வாருங்கள். லேபில் ஒயர் ஒட்டிய பிறகு பால் கொடுத்தால் அங்கேயே தூங்கிவிடும். தட்டித் தூங்க வைக்காதீர்கள். தலையைச் சீயக்காயோ ஷாம்புவோ போட்டு அலசிக் காயவையுங்கள், எண்ணெய் கூடாது, பேஸ்ட் ஒட்டாது. திருஷ்டிப் பொட்டைக் கன்னத்தில் வையுங்கள். நெற்றியில் என் ஒயர் வரும்.